மைலேஜ் கூட்டும் கருவிகள்: வாங்கலாமா? விற்கலாமா?

மளிகை வியாபாரத்தில் லாபம் பைசாக் கணக்கில் வருகிறது. வண்டிச் செலவு ரூபாய்க் கணக்கில் போகிறது. மண்டியிலிருந்து மூட்டை ஏற்றி வரும் குட்டியானையானாலும், வீடு வீடாகச் சரக்கு கொண்டு போகும் மொபெட்டானாலும், மாதக் கடைசியில் சிட்டையைக் கூட்டிப் பார்க்கும்போது எரிபொருள் செலவு கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. முன்பெல்லாம் விலை உயர்வு எப்போதாவது அறிவிப்பாக வரும். 2017 ஜூன் முதல் பெட்ரோல், டீசல் விலை அன்றாடம் நிர்ணயிக்கப்படுகிறது.

இந்த உறுத்தலை நன்றாக அறிந்தவர்கள் சிலர் கடைவீதிகளுக்கு வருகிறார்கள். கையில் ஒரு சிறு பெட்டி. "சார், இதை வண்டியில் மாட்டினால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடும்" என்பது முதல் பேச்சு. "பத்து வாங்கிக் கடையில் வையுங்கள், ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய் கமிஷன்" என்பது அடுத்த பேச்சு. ஆகவே நம் முன்னால் இருப்பது இரண்டு கேள்விகள். நம் வண்டிக்கு வாங்கலாமா? நம் கடையில் வைத்து விற்கலாமா? இரண்டுக்கும் விடை காண, அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

நூறு ரூபாய் எங்கே போகிறது?

பெரும்பாலான விற்பனையாளர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "உங்கள் எஞ்சினில் எரிபொருள் முழுவதும் எரிவதில்லை. பாதி வீணாகப் புகையில் போய்விடுகிறது. எங்கள் கருவி அதை முழுவதுமாக எரிய வைக்கும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படையே தவறு.

நல்ல நிலையில் உள்ள இன்றைய நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினிலும் டீசல் எஞ்சினிலும் எரியாமல் வெளியேறும் எரிபொருள் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். மீதி எல்லாம் எரிந்துவிடுகிறது. அப்படியானால் வீணாவது எது? எரிந்து உண்டாகும் வெப்பம். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், ஏறத்தாழ அறுபது, எழுபது ரூபாய் ரேடியேட்டர் வழியாகவும் சைலென்சர் வழியாகவும் வெறும் சூடாக வெளியே போகிறது. எஞ்சினுக்குள் உராய்வு, கியர் பெட்டி என்று இன்னும் கொஞ்சம் போகிறது. சக்கரத்தைச் சுழற்றக் கிடைப்பது இருபது, இருபத்தைந்து ரூபாய் அளவுதான். டீசலில் சற்று அதிகம். இது எஞ்சின் என்ற இயந்திரத்தின் இயல்பு. குழாயில் கட்டும் ஒரு சிறு துண்டு இதை மாற்றாது.

நம் கணக்கில் பார்ப்போம். ஒரு சரக்கு வண்டி மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 9,000 ரூபாய். விற்பனையாளர் சொல்லும் மிச்சம் 20 சதவீதம். அதாவது மாதம் 1,800 ரூபாய். ஆனால் எரியாமல் போவதே இரண்டு சதவீதம்தான். அத்தனையையும் ஒரு சொட்டு விடாமல் எரிய வைத்தாலும் மிச்சம் 180 ரூபாய்க்கு மேல் போகாது. கருவியின் விலை 4,500 ரூபாய் என்றால் போட்ட முதல் திரும்பவே இரண்டு வருடம் தாண்டிவிடும். அதுவும் கருவி நூற்றுக்கு நூறு வேலை செய்தால்!

பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோல் கணிசமாக எரியாமலே வெளியேறியது உண்மைதான். அது எஞ்சின் அமைப்பிலேயே இருந்த குறை. புதுக் கலவை உள்ளே வரும்போதே, வெளியே போகும் வழியும் திறந்திருந்ததால் வந்தது அது. காந்தம் கட்டி அந்த வழியை அடைக்க முடியாது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வந்த பிறகுதான் அது தீர்ந்தது.

கருவிகள் பலவிதம்

கடைவீதியில் வலம் வரும் கருவிகளை ஐந்தாறு வகைக்குள் அடக்கிவிடலாம்.

காந்தம்: எரிபொருள் குழாயின் மேல் கட்டுவது. காந்தம் எரிபொருளின் மூலக்கூறுகளைப் பிரித்து வரிசைப்படுத்தும் என்பார்கள். பெட்ரோலும் டீசலும் இரும்பைப் போலக் காந்தத்துக்கு இழுபடுபவை அல்ல. காந்தம் பட்டதால் அவை எரியும் விதம் மாறுவதில்லை.

காற்றுச் சுழலி: காற்று வரும் குழாய்க்குள் வைக்கும் தகட்டு விசிறி. காற்றைச் சுழல விட்டு நன்றாகக் கலக்கும் என்பது பேச்சு. காற்று எப்படிச் சுழல வேண்டும் என்று எஞ்சின் செய்தவர்களே வால்வையும் அதன் வழியையும் அமைத்திருக்கிறார்கள். குழாயில் குறுக்கே வைக்கும் தகடு காற்றுக்குத் தடையாகத்தான் நிற்கும்.

பவர் பிளக்: வழக்கமான பிளக்கைவிடப் பெரிய தீப்பொறி தரும் என்று பல மடங்கு விலையில் விற்பது. அடுப்பைப் பற்ற வைக்க ஒரு தீக்குச்சி போதும். மூன்று குச்சி கிழித்தால் சிலிண்டர் கூட நாள் வராது. பழுதான பிளக்கை மாற்றினால் பலன் உண்டு. அந்தப் பலனை, கம்பெனி சொன்ன சாதாரணப் பிளக்கே தந்துவிடும்.

ஹைட்ரஜன் கிட்: தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, அதில் வரும் வாயுவை எஞ்சினுக்குள் விடுவது. வாயு எரியும் என்பது உண்மை. ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் டீசலை எரித்து, எஞ்சின் சுற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து. நூறு ரூபாய் டீசலில் எஞ்சின் வேலையாகத் தருவது முப்பது ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். ஆல்டர்னேட்டரில் அதில் பதினெட்டு மிஞ்சும். தண்ணீரைப் பிரித்த பிறகு வாயுவில் நிற்பது பதினொன்று. நம் சரக்கையே நஷ்டத்துக்கு விற்று, அதையே மறுபடி கொள்முதல் செய்வதைப் போன்ற வியாபாரம் இது.

சாக்கெட்டில் செருகும் பெட்டி: வண்டியின் கணினிப் பெட்டியோடு பேசி, ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு மைலேஜைக் கூட்டும் என்று விற்பது. இப்படிப்பட்டவற்றைப் பிரித்துப் பார்த்த பொறியாளர்கள் உள்ளே கண்டது மினுக்கும் சிறு விளக்குகளும் அவற்றை மினுக்க வைக்கும் ஒரு சில்லும்தான். வண்டியின் கணினியோடு பேசும் ஏற்பாடே அவற்றில் இல்லை.

மாத்திரையும் சொட்டு மருந்தும்: டேங்கில் போடுவது. இதில் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பயோபெர்ஃபார்மன்ஸ் என்ற நிறுவனம் மைலேஜ் மாத்திரையை ஆள் சேர்க்கும் சங்கிலி முறையில் விற்றது. 2006-ல் அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். சோதனையில் அந்த மாத்திரை பெரும்பாலும் நாப்தலீன் என்று தெரிந்தது. நம் கடையில் துணிக்கு வைக்கப் பாச்சை உருண்டை என்று விற்கிறோமே, அதேதான்.

சோதனைச் சாலையில் நடந்தது

இந்த ஆசை புதிதல்ல. 1930-களிலேயே கனடா நாட்டில் சார்லஸ் நெல்சன் போக் என்பவர், ஒரு காலன் பெட்ரோலுக்கு 200 மைல் தரும் கார்புரேட்டர் செய்ததாகச் சொல்லிக் காப்புரிமையும் வாங்கினார். அது சந்தைக்கு வரவே இல்லை. காப்புரிமை என்பது, இந்த யோசனை புதிது என்பதற்கான பதிவு. வேலை செய்கிறது என்பதற்கான சான்று அல்ல. காப்புரிமை எண்ணைக் காட்டி வியாபாரம் பேசுகிறவர்களிடம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவில் இத்தகைய கருவிகள் பெருகின. அந்நாட்டுச் சட்டம் இவற்றைச் சோதிக்கும் பொறுப்பைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் கொடுத்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் நகரில் உள்ள அதன் சோதனைச் சாலை உருளைகள் மேல் வண்டியை ஏற்றி, ஒரே வேகம், ஒரே நேரம், ஒரே நடையில் ஓட்டி, கருவியோடும் கருவி இல்லாமலும் அளந்தது. இப்படி ஆராயப்பட்ட கருவிகள் நூற்றுக்கும் மேல். அவற்றில் மிகச் சிலவே ஏதேனும் மிச்சம் காட்டின. அந்த மிச்சமும் சிறிது. சில கருவிகள் புகையின் நச்சைக் கூட்டின.

அந்நாட்டின் வணிக ஒழுங்கு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷன், காந்தக் கருவி விற்றவர்கள் மீதும், 2009-ல் ஹைட்ரஜன் கருவி விற்றவர்கள் மீதும் நீதிமன்றம் சென்றது.

இன்னொரு கோணமும் உண்டு. அமெரிக்காவில் 1975 முதலும், இந்தியாவில் 2017 முதலும் கார் கம்பெனிகள் தங்கள் வண்டிகளின் சராசரி எரிபொருள் செலவை அரசு சொல்லும் அளவுக்குள் வைக்கச் சட்டம் இருக்கிறது. அதற்காக ஒவ்வொரு சதவீதத்துக்கும் அவர்கள் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்க் காந்தம் இருபது சதவீதம் தரும் என்றால், அதைத் தொழிற்சாலையிலேயே மாட்டாமல் விட்டு வைப்பார்களா?

பின் எப்படிச் சிலருக்கு மைலேஜ் கூடியது?

"என் மைத்துனர் வண்டியில் கூடியதே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கூடியதற்குக் காரணம் வேறு. நாலாயிரம் கொடுத்து வாங்கியவர் அன்று முதல் மைலேஜைக் கவனிக்கத் தொடங்குகிறார். ஆக்சிலேட்டரில் கால் தானாக மென்மையாகிறது. கருவி மாட்டப் போன இடத்தில் ஏர் பில்டரைச் சுத்தம் செய்து, டயருக்குக் காற்றும் பிடித்துக் கொடுத்திருப்பார்கள். பழைய கார்புரேட்டர் வண்டியானால் திருகைக் கொஞ்சம் திருப்பி விடுவதும் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய காரணம், அளவைக் குறை. ஐந்து லிட்டர் போட்டுக் கணக்குப் பார்க்கிறோம். டேங்கில் பழையது எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பதில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே இருபது சதவீதம் பிசகு. விற்பவர் சொல்லும் மிச்சம் முழுவதும் இந்த ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும்!

அளந்து பார்க்கும் முறை

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்ற பழமொழி வணிகர்களுக்காகவே சொன்னது போலிருக்கிறது. நம் தராசுக்கு முத்திரை இல்லாவிட்டால் அபராதம் விழுகிறது. அப்படியிருக்க, எந்த முத்திரையும் இல்லாத பேச்சை நாம் எப்படி எடை போடாமல் ஏற்பது? கருவி மாட்டாதவர்களும் தங்கள் வண்டியின் உண்மையான மைலேஜை அறிய இந்த முறை பயன்படும்.

ஒன்று: ஒரே பங்க்கில் ஒரே பம்பில் டேங்கை நிரப்புங்கள். தானாக நிற்கும் துப்பாக்கி முதல் தடவை நின்றதும் நிறுத்திவிடுங்கள். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பங்க்கின் அளவில் சந்தேகம் இருந்தால், அங்குள்ள ஐந்து லிட்டர் அளவைக் கலனில் பிடித்துக் காட்டும்படி கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

இரண்டு: ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது 500 கிலோமீட்டராவது ஓடட்டும். பிறகு அதே பம்பில் அதே முறையில் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்துக் கொள்ளுங்கள்.

மூன்று: நான்கு தவணையாகச் சோதியுங்கள். கருவி இல்லாமல் இரண்டு வாரம், கருவியோடு இரண்டு வாரம், மீண்டும் இல்லாமல் இரண்டு வாரம், மீண்டும் கருவியோடு இரண்டு வாரம். ஒரே டிரைவர், ஒரே பாதை, ஏறத்தாழ ஒரே சுமை. முடிந்தால் கருவி எப்போது இருக்கிறது என்பதை டிரைவரிடம் சொல்லாதீர்கள்.

நான்கு: கருவி இல்லாத இரண்டு தவணைகளுக்கு இடையிலேயே ஒரு வித்தியாசம் தெரியும். கருவி காட்டும் வித்தியாசம் அதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

இப்படிச் சோதிக்கும் வரை பணம் வாங்காமல் கருவியைத் தர விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

செலவில்லாமல் கிடைக்கும் மிச்சம்

எரிபொருளை மிச்சப்படுத்தவே முடியாது என்று நாம் சொல்லவில்லை. 1978 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதைத்தான். மேலே சொன்ன மாதம் 100 லிட்டர் வண்டியையே எடுத்துக்கொள்வோம்.

கடை வாசலிலும் மண்டியிலும் எஞ்சினை ஓட விட்டபடி சரக்கு இறக்குவது நம் பழக்கம். நாளுக்கு அரை மணி நேரம் அப்படி நின்றால், 25 நாளில் பன்னிரண்டரை மணி நேரம். ஒரு மணிக்கு 0.4 லிட்டர் என்று கணக்கிட்டாலும் ஐந்து லிட்டர், 450 ரூபாய்.

ஒரே தெருவுக்கு காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போவதைத் தவிர்த்து, ஆர்டர்களைத் தெருவாரியாகச் சேர்த்து அனுப்பினால், ஒரு நாளைக்கு ஓடும் 60 கிலோமீட்டரில் ஆறு குறைவது பெரிய காரியமல்ல. அது பத்து லிட்டர், 900 ரூபாய்.

நான்கு டயரிலும் காற்று பத்து பவுண்டு குறைந்திருந்தால் மைலேஜில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் போகும். அது இரண்டு லிட்டர், 180 ரூபாய். டயர் தேய்மானம் தனிக் கணக்கு.

மூன்றையும் கூட்டினால் 1,530 ரூபாய். கருவி விற்பவர் வாக்களித்த 1,800-க்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம், ஒரு பைசா முதல் போடாமல்!

இவை தவிர, பிரேக் பிடித்தபடி ஓடும் சக்கரத்தைச் சரி செய்வதும், கம்பெனி சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றுவதும், பழுதான சென்சாரை மாற்றுவதும் பலன் தரும். ஆக்சிஜன் சென்சார் கெட்டுப்போன வண்டியில் அதை மாற்றினால் 40 சதவீதம் வரைகூட மைலேஜ் கூடலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஆகவே டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தால் அலட்சியம் வேண்டாம். தேவையில்லாத காலிப் பெட்டிகளையும் பழைய எடைக் கற்களையும் வண்டியிலேயே சுமக்க விடுவதும் வீண்.

லாரி வைத்திருக்கும் மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. பின்னால் மாட்டும் பொருள்களில் உண்மையிலேயே பலன் தருபவையும் உண்டு. கேபின் கூரை மேல் வைக்கும் காற்றுத் தடுப்பு, எளிதாக உருளும் வகை டயர் ஆகியவை நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடும் பெரிய வண்டிகளுக்கு மிச்சம் தருபவை. அவற்றின் காரணமும் தெளிவானது: காற்றின் எதிர்ப்பையும் உருளும் தடையையும் குறைக்கின்றன. ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டியில் காற்றுத் தடுப்பு வெறும் அலங்காரம்தான்.

கடையில் வைத்து விற்கலாமா?

இங்கேதான் நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். நம் வண்டியில் மாட்டி ஏமாந்தால் நாலாயிரம் ரூபாயோடு போகும். வாடிக்கையாளரிடம் விற்று ஏமாற்றினால், அவர் பருப்பும் எண்ணெயும் வாங்கவும் நம் கடைக்கு வரமாட்டார். நூற்றைம்பது ரூபாய் கமிஷனுக்கு இருபது வருடப் பற்றுவரவை அடகு வைக்க முடியுமா?

சட்டமும் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர் மீது பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தயாரிப்பாளர் சொல்லாத உறுதிமொழியை விற்பவர் தாமாகக் கொடுத்து, பொருள் அப்படி நடக்காமல் கேடு விளைந்தால், பொறுப்பு விற்பவர் தலையிலும் விழலாம். "நிச்சயம் அஞ்சு கிலோமீட்டர் கூடும், நான் கியாரண்டி" என்று கல்லாவில் உட்கார்ந்தபடி சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைக்கு இவ்வளவு எடை உண்டு.

வண்டிக்கும் ஆபத்து உண்டு. 2020 ஏப்ரல் முதல் விற்பனையான பி.எஸ்.6 வண்டிகளில் எரிபொருளைக் கணினிப் பெட்டிதான் அளந்து விடுகிறது. வயரை வெட்டி ஒட்டினால் வாரண்டி மறுக்கப்படலாம். தப்பாக இணைத்த வயர் தீப்பிடிக்கவும் கூடும்.

எனவே ஏஜென்சி பேச வருபவரிடம் நான்கு கேளுங்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அல்லது மானேசரில் உள்ள ஐகேட் போன்ற சோதனை நிலையத்தில், கருவியோடும் கருவி இல்லாமலும் அளந்த அறிக்கை எங்கே? ஜி.எஸ்.டி. பில் உண்டா? தயாரிப்பாளரின் முழு முகவரி என்ன? வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் திருப்பித் தருவதாக எழுத்தில் கொடுப்பாரா? ஐ.எஸ்.ஓ. சான்றிதழைக் காட்டினால், அது நிர்வாக முறைக்கான சான்று என்று சொல்லுங்கள். புகைச் சோதனைச் சீட்டைக் காட்டினால், அது புகைக்கான அளவு, மைலேஜுக்கான அளவு அல்ல என்று சொல்லுங்கள்.

நான்குக்கும் சரியான பதில் வந்தால் மேற்கொண்டு பேசுவோம். வராவிட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைப்போம். அந்த நாலாயிரத்தில் நல்ல சரக்கு ஒரு மூட்டை வாங்கிப் போட்டால், அது லாபத்தோடு திரும்பி வரும்.